கணக்கு எழுதும் மூலையும் ஒரு சந்நிதிதான்!



சிவாலயத்துக்குப் போகிறீர்கள். சுவாமியையும் அம்பாளையும் கண்குளிர தரிசித்துவிட்டுப் பிராகாரம் சுற்றி வருகிறீர்கள். கருவறையின் வடக்குப் பக்கம், அபிஷேகத் தீர்த்தம் வெளியே வரும் கோமுகிக்கு அருகில் ஒரு சின்ன சந்நிதி. உள்ளே தியானத்தில் அமர்ந்திருக்கிறார் சண்டிகேஸ்வரர். அவர் முன் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, மெல்லத் தட்டிவிட்டு நகர்கிறீர்கள்.

'சுவாமி, உங்கள் ஆலயத்திலிருந்து நான் எதையும் எடுத்துப் போகவில்லை. பாருங்கள், வெறுங்கை' என்பதுதான் அதன் பொருள். சிவன் சொத்து குல நாசம் என்று நம் பெரியவர்கள் பயத்தோடு சொல்லி வளர்த்திருக்கிறார்கள் அல்லவா?

ஒரு கேள்வி. சொத்து சிவபெருமானுடையது. அப்படியிருக்க, வெறுங்கையை அவரிடம் காட்டாமல் சண்டிகேஸ்வரரிடம் ஏன் காட்டுகிறோம்? ஏனென்றால், பொறுப்பு அவருடையது. சுவாமியின் சொத்துக்குக் கணக்குப் பார்ப்பவர் அவர்தான்.

இந்தக் கணக்கு விஷயத்தைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். உங்கள் வீட்டுப் பூஜையறைக்கு ஓர் இடம் இருக்கிறது. சமையலுக்கு ஓர் இடம் இருக்கிறது. வீட்டின் வரவு செலவுக்கு ஓர் இடம் இருக்கிறதா?

ஆலயத்தின் கணக்கர்

திருச்சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர் என்ற சிறுவர்தான் சண்டேசுவர நாயனார் ஆனார். மண்ணியாற்றங்கரையில் பசு மேய்த்தபடியே மணலால் லிங்கம் பிடித்து, பாலால் அபிஷேகம் செய்தவர். பூஜைக்கு வைத்த பால் குடத்தைத் தந்தையே காலால் இடறியபோதும் விட்டுக்கொடுக்காதவர். 'சுவாமிக்கு என்று வைத்தது சுவாமிக்கு மட்டுமே' என்ற அந்த உறுதிக்காகவே ஈசன் தன் தலை மாலையை எடுத்து அவருக்குச் சூட்டினார். கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தக் காட்சியைச் சிற்பமாகவே பார்க்கலாம். ஈசன் தன் கையால் மாலை சுற்ற, கீழே கைகூப்பி அமர்ந்திருக்கும் அந்தத் திருமுகத்தைப் பார்த்தால் கண் கலங்கும்!

அந்த உறுதி உள்ளவரிடம்தானே பொறுப்பை ஒப்படைக்க முடியும்? சோழர் காலத்தில் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் 'ஆதி சண்டேசுவரர்' பெயரில்தான் நடந்தன. கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்தபோதும் அவர் பெயரால்தான் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று துல்லியமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது நூற்றுக்கு பன்னிரண்டரை.

அங்கே எழுதப்பட்டது வட்டிக் கணக்கு மட்டும் அல்ல. ராஜராஜ சோழன் கொடுத்தது, அவன் அக்காள் குந்தவைப் பிராட்டியார் கொடுத்தது, அரசியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று எல்லாமே கல்லில் ஏறியிருக்கின்றன. ஒவ்வோர் ஆபரணமும் இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றி என்று நிறுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஒரு மஞ்சாடியில் பாதிதான் குன்றி. குந்துமணி எடைகூட விட்டுப்போகக் கூடாது என்று கவனம்! பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஆடவல்லான்'. ஆம், கூத்தாடும் பெருமானின் திருப்பெயரேதான். எடை பார்க்கும் கல்லுக்கும் இறைவன் பெயரை வைத்தார்கள் என்றால், கணக்குப் பார்ப்பதை அவர்கள் எவ்வளவு புனிதமாக நினைத்தார்கள் என்று பாருங்கள்.

கோயிலின் கருவூலத்துக்கு 'ஸ்ரீபண்டாரம்' என்று பெயர். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

மரக்காலும் எழுத்தாணியும்

சைவத்தில் மட்டும்தானா? சுவாமிமலைக்கு அருகில் ஆதனூர் என்ற திவ்ய தேசம் இருக்கிறது. 108 திருப்பதிகளில் ஒன்று. அங்கே பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் திருநாமம் ஆண்டளக்கும் ஐயன். தலைக்குக் கீழே ஒரு மரக்கால். கையில் ஏடும் எழுத்தாணியும்!

திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் திருப்பணி செய்துகொண்டிருந்தபோது, வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லாமல் தவித்தாராம். அப்போது தலைப்பாகை கட்டி, மரக்காலும் ஏடும் எழுத்தாணியுமாக ஒரு வணிகர் வந்தார். 'என்னிடம் பணம் இல்லை. இந்த மரக்கால்தான் இருக்கிறது. மணலை அளந்து போடுகிறேன். உண்மையாக உழைத்தவருக்கு அது பொன்னாகும். உழைக்காமல் ஏமாற்றியவருக்கு மணலாகவே இருக்கும்' என்றார். அப்படியே நடந்தது. மணல் மட்டும் கிடைத்தவர்கள் 'இவன் மந்திரவாதி' என்று அடிக்கப் பாய்ந்தார்கள். வணிகர் ஓட, ஆழ்வாரும் துரத்திக்கொண்டே போக, ஆதனூரில் வந்துதான் தாம் யார் என்று காட்டினார் பெருமாள். தல புராணம் இப்படிச் சொல்கிறது.

நினைத்த மாத்திரத்தில் பொன்மாரி பொழிய வல்லவர் பெருமாள். அவர் ஏன் மரக்கால் தூக்கி வர வேண்டும்? ஏட்டில் ஏன் எழுத வேண்டும்? கொடுப்பது பெரிதல்ல, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று அளந்து கொடுப்பதும், கொடுத்ததை எழுதி வைப்பதும்தான் தர்மம் என்று நமக்குக் காட்டத்தான். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் பாட்டிமார்கள் சொன்னதும் இதையே.

திருமலையப்பன் கதையும் உங்களுக்குத் தெரியும். பத்மாவதித் தாயாரைத் திருமணம் செய்துகொள்ளக் குபேரனிடம் கடன் வாங்கினார். வாய்வார்த்தையாக வாங்கவில்லை. பத்திரம் எழுதி, பிரம்மாவையும் சிவபெருமானையும் சாட்சி வைத்து வாங்கினார். தெய்வமே கடனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறது. நாம் பக்கத்து வீட்டில் கொடுத்த கைமாற்றைக்கூட எழுதி வைப்பதில்லை!

'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பது அடக்கமா?

'பணம், பாலிசி, பாங்க் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்கிற சகோதரிகள் இன்றும் பலர் உண்டு. அதை அடக்கம் என்று நினைக்கிறார்கள். பொறுமையாக யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்காரருக்குத் திடீரென்று ராத்திரி நெஞ்சு வலிக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. 'இன்ஷூரன்ஸ் கார்டு இருக்கிறதா அம்மா?' என்று கேட்கிறார்கள். இருக்கிறது, அது நிச்சயம். ஆனால் எங்கே? பீரோவிலா, ஆபீஸ் பையிலா, பழைய டிரங்குப் பெட்டியிலா? அந்த நேரத்தில் 'முருகா, எங்கே வைத்தார் என்று காட்டப்பா' என்று அழ வேண்டியிருக்கிறது. முருகன் காட்டுவான், சந்தேகமில்லை. ஆனால் முருகனிடம் கணவரின் உயிரைக் கேட்க வேண்டிய அந்த நிமிஷத்தை, ஒரு கார்டைக் கேட்பதில் செலவழிக்கலாமா?

இதைவிடக் கஷ்டமும் உண்டு. வீட்டுக்குத் தலைவரை இழந்த துக்கம் ஆறும் முன்பே, எந்த வங்கியில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் திகைத்து நிற்கும் பெண்கள் எத்தனை பேர்! பத்து வருடம் யாரும் தொடாத வங்கிக் கணக்கில் உள்ள பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். அப்போதும் வாரிசுகள் கேட்டுப் பெறலாம். அப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தைத் தேடுவதற்காகவே 2023-ம் ஆண்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. தேடுவதற்கென்று ஓர் ஏற்பாடே செய்ய வேண்டியிருக்கிறது என்றால், எத்தனை வீடுகளில் எத்தனை பேர் சொல்லாமலே போயிருக்கிறார்கள் என்று புரிகிறது அல்லவா?

இல்லத்தரசியை கிருஹலக்ஷ்மி என்கிறோம். அது வெறும் பட்டம் இல்லை. அந்த வீட்டு ஸ்ரீபண்டாரத்துக்கு அவள்தான் சண்டேசுவரர். செல்வம் சுவாமி கொடுத்தது. பாதுகாப்பதும், அளந்து செலவிடுவதும், கேட்டால் எடுத்துக் காட்டுவதும் நம் கைங்கர்யம்.

ஸ்ரீபண்டாரத்துக்கு எது இடம்?

இதற்குப் பெரிய அறை எதுவும் வேண்டாம். ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டிலும் இடம் உண்டு. பீரோவில் ஒரு தட்டு, சுவரில் உள்ள அலமாரியில் ஒரு பகுதி, அதுவும் இல்லையென்றால் மூடியுள்ள ஒரு பெட்டி போதும். வடக்கு குபேரனின் திசை என்பது ஐதிகம். வசதி இருந்தால் அந்தப் பக்கம் பார்த்து வையுங்கள். இல்லையென்றால் மனம் வருந்த வேண்டாம். திசையைவிட ஒழுங்கு முக்கியம்.

ஆனால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். சுவாமி பாதத்தில் இருக்கட்டும் என்று பத்திரங்களைப் பூஜை அலமாரியிலேயே வைப்பவர்கள் உண்டு. பக்தி சரிதான். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு, கற்பூரம், விளக்குச் சுடர் எல்லாம் இருக்கின்றனவே! காகிதத்துக்கு நெருப்பும் எண்ணெயும் ஆகாது. ஒரு முறை சுவாமி பாதத்தில் வைத்து எடுத்து, பிறகு அதன் இடத்தில் வையுங்கள். அதேபோல் சமையலறைப் பரணும் வேண்டாம், குளியலறையை ஒட்டிய ஈரச் சுவரும் வேண்டாம். ஈரமும் கரையானும் பத்திரத்துக்கு எமன். மழை வெள்ளம் புகும் பகுதியில் இருப்பவர்கள் கீழ்த்தட்டில் வைக்கவே கூடாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, வீட்டுப் பத்திரமும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் நனைந்து, வெயிலில் காயவைத்துக் கண்ணீர் விட்ட குடும்பங்கள் அநேகம்.

இடத்தைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, ஒரு சின்ன மகாலட்சுமி படம் வையுங்கள். எப்போதும் அங்கேயே இருக்கும்படி ஒரு பேனா, ஒரு நோட்டு. பேனாவைப் பிள்ளைகள் எடுத்துப் போகாமல் நூல் கட்டி வைத்தாலும் தவறில்லை!

அஞ்சறைப் பெட்டி சொல்லும் பாடம்

கணக்கு என்றதும் பயப்படுகிறீர்களா? தேவையே இல்லை. கடுகும் மிளகும் சீரகமும் வெந்தயமும் ஒன்றோடொன்று கலக்காமல், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும்படி அஞ்சறைப் பெட்டியை வைத்திருக்கிறீர்களே, அந்த சாமர்த்தியம்தான் இங்கேயும் வேண்டும். ஐந்து கவர், அல்லது ஐந்து ஃபைல். வெளியே பெரிய எழுத்தில் பெயர்.

முதல் அறை, அன்றாடம். வரவு செலவு நோட்டு இதில். மளிகை, பால், காய்கறி, பள்ளிக் கட்டணம், மருந்து என்று எழுதுவது இங்கேதான். இப்போது கைபேசியில் 'டிங்' என்ற சத்தத்தோடு பணம் போய்விடுகிறது. நூறு ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுக்கும்போது மனசுக்கு ஒரு வலி தெரியும். இதில் அதுவும் தெரிவதில்லை. ஆகவே, கைபேசியில் கொடுத்ததையும் ராத்திரி ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

இரண்டாம் அறை, கட்ட வேண்டியவை. மின்கட்டணம், சொத்து வரி, வீட்டுக் கடன் தவணை, சீட்டுப் பணம், நகைக்கடன் ரசீது ஆகியவை இதில். ஒவ்வொன்றின் மேலும் கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். முக்கியமாக நகைக்கடன் ரசீது. அம்மா போட்ட சங்கிலி, தவணை மறந்துபோய் ஏலத்துக்குப் போவதைப்போல ஒரு பெண்ணுக்கு வேதனை வேறு உண்டா?

மூன்றாம் அறை, சேமிப்பு. வங்கிப் புத்தகம், டெபாசிட் ரசீது, அஞ்சலகக் கணக்கு, பெண் குழந்தைக்காகத் தொடங்கிய செல்வமகள் சேமிப்பு எல்லாம் இதில்.

நான்காம் அறை, காப்பு. ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வண்டி இன்ஷூரன்ஸ். இதிலேயே ஒரு தாளில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் ரத்த வகை, சாப்பிடும் மருந்து, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை எழுதி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, பதற்றத்தில், விளக்கைப் போட்டதும் கைக்கு வர வேண்டிய அறை இது. அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கட்டும்.

ஐந்தாம் அறை, உரிமை. வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றின் நகல்கள். அசல் பத்திரம் வங்கி லாக்கரில் இருந்தால், எந்த வங்கி, எந்தக் கிளை, சாவி எங்கே என்று ஒரு சீட்டு.

ஒரு சின்னக் குறிப்பு. கடைகளில் இப்போது கொடுக்கும் வழவழப்பான பில்களில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றின் பில்லை அன்றே நகல் எடுத்து வையுங்கள். வாரன்டி கேட்கும்போது வெற்றுத்தாளை நீட்டினால் யார் ஏற்பார்கள்?

அணையா விளக்கும் 96 ஆடுகளும்

கோயில் கல்வெட்டுகளில் இன்னோர் அற்புதம் உண்டு. கருவறையில் ஒரு நந்தா விளக்கு, அதாவது பகலும் இரவும் அணையாத விளக்கு எரிய வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் 96 ஆடுகளைத் தானம் செய்வார்கள். அவற்றை இடையர் பொறுப்பில் ஒப்படைப்பார்கள். அவர்கள் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள்!

ஆடு சாகாமல் இருக்குமா? ஒன்று போனால் குட்டி ஒன்று அதன் இடத்துக்கு வரும். எண்ணிக்கை மட்டும் 96-லிருந்து குறையவே கூடாது. நெய்யை எடுத்துக்கொள்ளலாம், ஆட்டை விற்கக் கூடாது. முதலைத் தொடாமல் பலனை மட்டும் சுவாமிக்கு ஏற்றினார்கள்.

உங்கள் வீட்டு விளக்குக்கும் இப்படி ஒரு சாவா மூவாப் பேராடு வேண்டாமா? மூன்று மாதக் குடும்பச் செலவுக்கு ஆகும் தொகையைத் தனியாக ஒரு கணக்கில் சேர்த்து வையுங்கள். ஒரே நாளில் முடியாது. மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று கட்டுங்கள். பட்டுப்புடவைக்கும் பண்டிகைக்கும் அதைத் தொடக் கூடாது. வேலை போனால், உடம்பு படுத்துக்கொண்டால் மட்டும் எடுக்கலாம். எடுத்தால், நிலைமை சரியானதும் முதல் வேலையாக அந்த இடத்தை நிரப்ப வேண்டும். 'ஆடு' குறையக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்!

சிறுவாட்டுப் பணம் பாவமா?

இனி கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். அரிசி டின்னிலும் கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சிறுவாட்டுப் பணம்! காலம் காலமாக எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது அதுதான். பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியதும், தம்பிக்கு அவசரத்துக்குக் கொடுத்ததும் அந்தப் பணம். அதைப் பாவம் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரியை நினைத்துப் பாருங்கள். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். எத்தனை வீடுகளில் அன்றைக்கு அரிசி டின் வெளியே வந்தது! சிலர் தயங்கித் தயங்கிக் கணவரிடம் சொன்னார்கள். வெட்கப்பட்டோ பயந்தோ சொல்லாமல் இருந்தவர்களுக்கு அந்த நோட்டு வெறும் காகிதமாகவே நின்றுபோனது. வைத்த இடத்தையே மறந்துபோன பாட்டிகளும் உண்டு. பல மாதம் கழித்துப் பழைய புடவையை உதறும்போது விழுந்த நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சேமிப்பது தர்மம். யாருக்குமே தெரியாமல் வைப்பதில்தான் ஆபத்து. உங்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி அதில் போடுங்கள். கணவரிடம் சொல்ல முடியாத சூழ்நிலை சில வீடுகளில் இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. குடிக்கும் சூதுக்கும் போய்விடும் என்றால் மறைக்கத்தான் வேண்டும். அங்கேயும் பெற்ற தாய்க்கோ, வளர்ந்த மகளுக்கோ தெரிந்திருக்கட்டும்.

அப்படியில்லாத வீட்டில் நோட்டு உண்மை பேச வேண்டும். இரண்டாயிரத்துக்கு எடுத்த புடவையை 'எண்ணூறுதாங்க' என்று சொல்வதும், அந்த ஆயிரத்து இருநூறை மளிகையில் ஏற்றி எழுதுவதும் விளையாட்டாகத்தான் ஆரம்பிக்கும். அவரும் ஏதோ ஒரு கடனை மறைத்திருப்பார். இரண்டு பொய்யும் ஒரு நாள் ஒன்றையொன்று சந்திக்கும்போது உடைவது பணம் இல்லை, நம்பிக்கை. சண்டிகேஸ்வரர் முன்னால் விரித்துக் காட்டுகிற கையை வீட்டில் மூடிக்கொள்ளலாமா?

ஒருவர் மட்டும் அறிந்தால் போதாது

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை பணம் வெளியே கொடுக்க மாட்டோம் என்று பார்ப்பவர்கள் உண்டு. எழுதுவதற்கு எந்தக் கிழமையும் தடையில்லை. விளக்கேற்றி, பிள்ளையார் சுழி போட்டு, அந்த வாரத்து வரவு செலவைக் கூட்டுங்கள். முடிந்தால் கணவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். 'என்னங்க, இந்த மாசம் இவ்வளவு மிச்சம்' என்று காட்டும்போது வருகிற சந்தோஷமே தனி. பற்றாக்குறை வந்தால், 'யார் செலவழித்தது?' என்று கேட்காதீர்கள். 'எங்கே குறைக்கலாம்?' என்று கேளுங்கள். கணக்கு நோட்டு சண்டைக்கான சாட்சி அல்ல, சமாதானத்துக்கான சாட்சி.

பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். கூட்டல் கழித்தலை அவர்கள் போடட்டும். அப்பாவின் சம்பளம் எங்கெல்லாம் போகிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளை, கடையில் நின்று அடம்பிடிக்க யோசிக்கும்.

வருடத்துக்கு ஒரு முறை எல்லாக் கணக்குகளிலும் நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் இன்னும் காலமான தந்தையின் பெயரே இருக்கும்! 2025 நவம்பர் 1-ம் தேதி முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம் என்று விதி வந்திருக்கிறது. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. யாருக்குச் சொந்தம் என்பதை உயிலும் வாரிசுச் சட்டமும் முடிவு செய்யும். ஆகவே பெரியவர்கள் உயில் எழுதி வைப்பதை அபசகுனம் என்று நினைக்க வேண்டாம். கல்லில் வெட்டி வைத்த கல்வெட்டும், ஒரு வகையில், பின்னால் வருபவர்களுக்கு எழுதிய உயில்தானே?

ஒன்று மட்டும் எழுதவே கூடாது. ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண்ணை நோட்டில் எழுதாதீர்கள். கைபேசியில் வரும் ஓ.டி.பி. எண்ணை வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். எந்த வங்கியும் அதைக் கேட்காது.

தர்மத்துக்கும் ஒரு வரி

நோட்டின் முதல் பக்கத்தில், செலவுகளுக்கெல்லாம் முன்னால், தர்மத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை, அன்னதானம், வீட்டு வேலை செய்யும் பெண்ணின் பிள்ளைக்குப் புத்தகம் என்று எதுவாகவும் இருக்கலாம். தொகை சின்னதாக இருந்தால் என்ன? குந்துமணி எடையையும் கல்லில் ஏற்றிய தேசம் இது. மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் தர்மம் என்று வைத்தால், மிச்சமே இருக்காது. முதலில் எடுத்து வைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

முடிந்துவைத்த காணிக்கையையும் எழுதுங்கள். எந்தத் தெய்வத்துக்கு, என்ன வேண்டுதலுக்கு, என்று முடிந்தது என்பதெல்லாம் இருக்கட்டும். நேர்ந்துகொண்டு மறந்துபோவதும் ஒரு பாக்கிதான் அல்லவா?

எப்போது தொடங்கலாம்?

நல்ல நாள் பார்த்துத் தொடங்க நினைப்பீர்கள். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு இந்த நோட்டையும் வைத்து, விஜயதசமியன்று முதல் வரி எழுதலாம். சித்ரா பௌர்ணமியும் சிறந்த நாள். நம் கணக்கை எழுதும் சித்ரகுப்தனுக்கு உரிய நாள் அது. காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. அங்கும் கையில் ஏடும் எழுத்தாணியுமாகத்தான் அருள்கிறார். அன்று பல வீடுகளில் ஏடும் எழுத்தாணியும் கோலத்தில் வரைந்து, நோட்டும் பேனாவும் வைத்து வழிபடுவது வழக்கம்.

ஆனால் இடத்தைச் சுத்தம் செய்ய நாள் எதற்கு? இன்று மத்தியானம் வேலை ஓய்ந்ததும் பீரோவைத் திறந்து, ஒரு தட்டை மட்டும் காலி செய்யுங்கள். ஐந்து கவரில் பெயர் எழுதுங்கள். நான்காம் அறையை இன்றே நிரப்புங்கள். மற்றவை ஒவ்வொன்றாக வரும். ராத்திரி அவர் வந்ததும், 'என்னங்க, எது எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்க' என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. அவருக்கும் உள்ளூர ஒரு பாரம் இறங்கும், பாருங்கள்.

ஒழுங்கும் உண்மையும் உள்ள இடத்தை விட்டு அலைமகள் அகல மாட்டாள். ஆண்டளக்கும் ஐயன் உங்கள் வீட்டுப் படியை நிறைவாக அளக்கட்டும். உங்கள் இல்லத்து விளக்கு நந்தா விளக்காக ஒளிரட்டும். எல்லோரும் குறைவின்றி வாழ அந்தப் பரம்பொருள் அருள் புரியட்டும்!